ஏற்காட்டு மூடுபனியில் கோதிக் பாணி: டிம் பர்ட்டனைப் பார்த்துக் குறும்படம் எடுக்க வருபவர்களின் கேள்விகள்

பேய்ப்படம், மர்மப்படம் எடுக்கச் சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் குறும்படக் குழுக்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறோம். பலரும் "டிம் பர்ட்டன் மாதிரி வேண்டும்" என்றே தொடங்குவதால், அந்த அமெரிக்க இயக்குநரின் பாணியை அளவுகோலாக வைத்திருக்கிறோம். பெரிய கேமரா இல்லாதவர்களுக்கும், கைபேசியில் எடுப்பவர்களுக்கும் சேர்த்தே பதில்கள்.

கோதிக் என்றால் இருட்டான படம்தானே?

இல்லை. ஏற்காட்டில் எடுக்கப்படும் முக்கால்வாசிக் குறும்படங்கள் சறுக்குவது இந்த இடத்தில்தான். எல்லாவற்றையும் இருட்டாக்கிவிட்டால் திரையில் கறுப்புச் சேறு மட்டுமே மிஞ்சும். கோதிக்குக்கு உயிர் கொடுப்பது வடிவம். கூரிய வளைவு, வானத்தைக் கிழிக்கும் முனை, ஆளை விடப் பல மடங்கு உயர்ந்த தூண் என்று ஐரோப்பியத் தேவாலயக் கட்டடக்கலைக்கு இருந்த பெயர், பிற்பாடு பாழடைந்த மாளிகைக் கதைகளுக்கும் ஒட்டிக்கொண்டது. சினிமாவில் அதை வேரூன்றச் செய்தவர்கள் 1920-களின் ஜெர்மானியர்கள். 1920-இல் வந்த 'டாக்டர் காலிகரியின் அறை' படத்தில் சுவர், சன்னல், தெரு எல்லாமே கோணலாக இருக்கும். நிழலைக்கூட விளக்கு வைத்து உண்டாக்காமல் பல இடங்களில் பெயின்டால் வரைந்துவிட்டார்கள்.

சோதித்துப் பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. எடுத்த ஷாட்டை நிறுத்தி, தபால்தலை அளவுக்குச் சுருக்கி, கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். யார் நிற்கிறார்கள், என்ன வீடு என்பது வெளிக்கோட்டை வைத்தே தெரிந்தால் ஷாட் தேறும். தெரியாவிட்டால் அடுத்த டேக்குக்கு முன் விளக்கைத் தொடாதீர்கள். நடிகரை இரண்டடி தள்ளி நிறுத்துங்கள், பெரும்பாலும் அதுவே போதும்.

பர்ட்டனின் பாணியில் நமக்கு உதவக்கூடியது எது?

இருட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு பளிச்சென்ற உலகத்தை வைப்பது. 1990-இல் வந்த 'எட்வர்ட் சிசர்ஹேண்ட்ஸ்' படத்துக்காக ஃப்ளோரிடாவில் மக்கள் குடியிருந்த ஒரு காலனியின் வீடுகளுக்கே வெளிர் மஞ்சள், வெளிர் பச்சை, ரோஸ் என்று மிட்டாய் வண்ணம் பூசினார்கள். தெரு முடியும் இடத்தில் ஒரு குன்று, அதன் மேல் கறுத்த மாளிகை. மேலே இருப்பவன் விசித்திரமானவனா, கீழே ஒரே அச்சில் வார்த்த வீடுகளில் இருப்பவர்கள் விசித்திரமானவர்களா என்ற கேள்வியை வசனம் கேட்பதற்கு முன்பே அந்தப் படிமம் கேட்டுவிடுகிறது.

சேலத்துக்காரர்களுக்கு இந்த அமைப்பு ஓசியிலேயே கிடைக்கிறது. கீழே செவ்வாய்ப்பேட்டைச் சந்துகளும், வெயிலில் மின்னும் எவர்சில்வர் கடைகளும், ஃபிளெக்ஸ் பலகைகளும் இருக்கின்றன. இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் ஓட்டுக்கூரை பங்களாவும் மூடுபனியும். உயர வித்தியாசம் ஏறக்குறைய 1,200 மீட்டர், வெப்பம் ஏழெட்டு டிகிரி குறைந்துவிடும். முழுப் படத்தையும் மேலேயே எடுத்து முடிக்கும் குழுக்கள் இதைக் கோட்டை விடுகின்றன. முதல் இரண்டு நிமிடக் கதையை அஞ்சு ரோட்டுப் பக்கம் கொதிக்கும் பதினோரு மணி வெயிலில் எடுங்கள். மேலே உள்ள குளிர் அப்போதுதான் பார்ப்பவருக்கு உறைக்கும்.

நிஜ இடத்தில் எடுப்பதா, செட் போடுவதா?

பர்ட்டன் பெரும்பாலும் செட் பக்கம் நிற்பவர். 'ஸ்லீப்பி ஹாலோ'வுக்காக (1999) இங்கிலாந்தில் ஒரு பள்ளத்தாக்கில் முழு கிராமத்தையே கட்டினார்கள். காட்டின் பெரும்பகுதி ஸ்டூடியோவுக்குள் செய்தது. அதன் கலை இயக்கத்துக்கு ஆஸ்கர் கிடைத்தது. மரம் எந்தப் பக்கம் சாய வேண்டும், புகை எங்கே நிற்க வேண்டும் என்பதைக் கையில் வைத்திருக்கத்தான் அத்தனை செலவு.

சேலத்துக்கும் இது புதிதல்ல. ஏற்காடு சாலையில் இன்றும் வளைவு நிற்கும் மாடர்ன் தியேட்டர்ஸ் பட நிறுவனத்தில் அதன் நிறுவனர் டி.ஆர். சுந்தரம் அரண்மனையையும் குகையையும் ஸ்டூடியோவுக்குள்ளேயே எழுப்பினார். எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்கர் அங்கே வந்து படம் இயக்கியிருக்கிறார்.

உங்கள் பட்ஜெட்டுக்கு: வெளிப்புறம் நிஜ இடம், உட்புறத்தில் ஒரே ஒரு மூலை செட். ஒரு சுவர், ஒரு சன்னல், ஒரு கதவு போதும்.

எந்த மாதம், எந்த நேரம் நல்லது?

ஜூன் முதல் டிசம்பர் வரை மூடுபனிக்கு வாய்ப்பு அதிகம். அக்டோபருக்குப் பிறகு வடகிழக்குப் பருவமழை ஷெட்யூலைக் கவிழ்க்கலாம், அதற்கு ஒரு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். கோணல் மரம் வேண்டுமென்றால் பிப்ரவரி, மார்ச். காப்பித் தோட்டங்களில் மிளகுக்கொடி படரவிடும் கல்யாண முருங்கை அப்போது இலை உதிர்த்து, முள்ளும் கிளையுமாக நிற்கும்.

நேரம்தான் பெரிய சிக்கல். ஐரோப்பியப் படங்களில் நீங்கள் ரசிக்கும் சாய்ந்த வெயில் அந்த ஊர் அட்சரேகையின் சொத்து. நாம் இருப்பது 11.8 டிகிரியில். டிசம்பர் நண்பகலிலேயே சூரியன் 55 டிகிரி உயரத்தில் நிற்கும். ஏப்ரல் 20 வாக்கிலும் ஆகஸ்ட் 22 வாக்கிலும் உச்சந்தலைக்கு நேர் மேலே. சூரியன் 20 டிகிரிக்குக் கீழே இருப்பது காலையிலும் மாலையிலும் சுமார் ஒன்றரை மணி நேரம்தான்.

சூரியன் மறைந்ததும் எல்லாம் நீலமாகத் தெரியும் நீல மங்கல் நேரம் இன்னும் குறைவு. சூரியன் மறைந்து 22 நிமிடம்தான் அது. இங்கிலாந்தில் இது அரை மணிக்கு மேல் நீளும். ஆகவே பங்களாவின் சன்னலில் விளக்கு எரிய, வெளியே எல்லாம் நீலமாக இருக்கும் அந்த ஷாட்டுக்கு மூன்று டேக் கிடைத்தால் பெரிது. சூரியன் மறைவதற்கு முன்பே ட்ரைபாட் நிற்க வேண்டும், ஃபோகஸ் பூட்டியிருக்க வேண்டும், ஒயிட் பேலன்ஸ் (எந்த நிற ஒளியைக் கேமரா வெள்ளையாக எடுத்துக்கொள்கிறது என்ற அமைப்பு) 4000 கெல்வினில் நிலைத்திருக்க வேண்டும். அறைக்குள் 2700 கெல்வின் மஞ்சள் பல்பு. மறைந்த பத்தாவது நிமிடத்தில் சன்னல் மங்கலாகத் தெரியும், இருபதாவது நிமிடத்தில் வெளியும் உள்ளும் சமமாகும், அதற்குப் பிறகு சன்னல் மட்டுமே தெரியும்.

மூடுபனியில் எடுத்தால் எல்லாம் வெளுத்துப்போகிறதே?

இரவில் மூடுபனிக்குள் வண்டி ஓட்டியவர்களுக்கு விடை தெரியும். ஹை பீம் போட்டால் எதிரே வெள்ளைச் சுவர், லோ பீமுக்கு மாற்றினால் ரோடு தெரியும். கேமரா பக்கத்திலிருந்து போகும் வெளிச்சம் பனித்துளிகளில் பட்டு நேரே லென்ஸுக்குத் திரும்புகிறது. அதனால் கேமராவுக்கு அருகே விளக்கு வைக்காதீர்கள். விளக்கு நடிகருக்குப் பின்னால் இருக்க வேண்டும், மரத்தண்டோ கதவோ அதை மறைக்க வேண்டும். அப்போது பனி ஒளிரும், ஆள் கறுத்து நிற்பார், நடுவில் கதிர்கள் தெரியும்.

இதற்கு ஏற்காட்டின் சில்வர் ஓக் மரங்களைப் போல் ஒரு கொடை கிடையாது. காப்பிக்கு நிழலாக நட்ட இவை நெட்டுக்குத்தாக, இடைவெளி விட்டு நிற்பதால் பனிக்குள் தேவாலயத் தூண்கள் போலத் தெரியும். மிளகுக்கொடி சுற்றியவை தடித்துக் கறுப்பாக இருக்கும். அவற்றை முன்னால் வையுங்கள், கொடியில்லாதவை பின்னால். முன்மரம் கருமை, நடுமரம் சாம்பல், பின்மரம் வெறும் கோடு என்று மூன்று அடுக்கு வந்துவிட்டால் ஆழம் தானாகக் கிடைக்கும்.

கேமரா தானே வெளிச்சத்தை மாற்றும் ஆட்டோ எக்ஸ்போஷரையும் ஆட்டோ ஃபோகஸையும் அணைத்துவிடுங்கள். பனியில் பிடிப்புக்கு விளிம்பு கிடைக்காமல் ஃபோகஸ் முன்னும் பின்னும் அலையும். வேகம் நொடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 நொடி. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், 24 ஃபிரேமும் 1/48-உம் வைத்தால் மலிவான எல்.இ.டி. பல்புகள் துடிப்பது பதிவாகிவிடும்.

இன்னொரு தொல்லை தொடர்ச்சி. வைடு ஷாட் எடுக்கையில் இருந்த பனி குளோஸ்-அப்புக்கு வரும்போது ஏரிப்பக்கம் போயிருக்கும். எப்போதும் வைடு ஷாட்களை முதலில் முடியுங்கள். குளோஸ்-அப்பில் பின்னணியாக வானம் வராமல் அடர்ந்த மரமோ சுவரோ வைத்து, பின்னால் மட்டும் கொஞ்சம் புகை விட்டால் ஒட்டிக்கொள்ளும்.

பனியே வரவில்லை. புகையை எப்படி உண்டாக்குவது?

கல்யாண மண்டபத்தில் மணமக்கள் நுழையும்போது புகை விடுகிறார்களே, அந்த இயந்திரத்தை வாடகைக்கு எடுங்கள். கிளைக்கால் (glycol) என்ற திரவம் கலந்த நீரைச் சூடாக்கி ஊதும் வகை என்றால் புகை சூடாக வெளிவந்து மேலே போய்விடும். தரையில் தவழ வேண்டுமென்றால் குளிர்விக்க வேண்டும். மீன் கொண்டுவரும் தெர்மாக்கோல் பெட்டியில் ஐந்து கிலோ ஐஸ் உடைத்துப் போட்டு, ஒரு பக்கம் மேலே புகையை உள்ளே விடுங்கள். எதிர்ப்பக்கம் அடியில் நான்கு அங்குல பி.வி.சி. குழாய் வழியாக வெளியே எடுங்கள். இலை அசையும் அளவுக்குக் காற்றிருந்தால் எந்தப் புகையும் நிற்காது. மாலையில் காற்று ஓயும் நேரத்தைப் பிடியுங்கள்.

உலர்பனியும் (டிரை ஐஸ்) தவழும், ஆனால் மைனஸ் 78 டிகிரி. கையுறை இல்லாமல் தொட்டால் தோல் புண்ணாகும். ஒரு கிலோ ஐந்நூறு லிட்டருக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு ஆகும், அது தரையோடு தேங்கும். பூட்டிய அறையில் நடிகரைத் தரையில் படுக்க வைத்து எடுக்கும் காட்சிக்கு இதைத் தொடவே வேண்டாம்.

சாம்பிராணி? அறைக்குள் மெல்லிய மூட்டத்துக்கு அருமை. தூபக்காலில் இரண்டு சிட்டிகை போட்டு, விசிறியால் பரப்பி, மூன்று நிமிடம் பொறுத்து எடுங்கள். உடனே எடுத்தால் கோடு கோடாகத் தெரியும்.

சுவரில் பெரிய நிழல் விழும் ஷாட் மங்கலாகவே வருகிறது. ஏன்?

விளக்கு பெரிதாக இருப்பதால். வெளிச்சத்தை மென்மையாக்க விளக்கின் முன் மாட்டும் சாஃப்ட் பாக்ஸைக் கழற்றுங்கள்.

கணக்கு எளிது. விளக்கிலிருந்து கை ஒன்றரை அடி, கையிலிருந்து சுவர் ஒன்பது அடி என்றால் மொத்தம் பத்தரை அடி. அதை ஒன்றரையால் வகுத்தால் ஏழு. ஏழு அங்குலக் கை சுவரில் நான்கடிக் கையாகும். ஆனால் நிழலின் ஓரமும் மங்கும். விளக்கின் அகலத்தை ஆறால் (ஒன்பதை ஒன்றரையால் வகுத்தது) பெருக்கினால் அந்த மங்கலின் அகலம் வரும். நான்கு அங்குல விளக்குக்கு இரண்டடி மங்கல், நகம் எங்கே என்றே தெரியாது. கைபேசி டார்ச்சின் பொட்டு மூன்று மில்லிமீட்டர்தான் இருக்கும், அதற்கு இரண்டு சென்டிமீட்டர்கூட மங்காது. ஆயிரக்கணக்கில் வாடகை கொடுத்த விளக்கை விட இந்த ஒரு வேலைக்கு டார்ச் மேல். அறையின் மற்ற எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு ஐ.எஸ்.ஓ.-வை (கேமராவின் ஒளி உணர்திறன்) ஏற்றிக்கொள்ளுங்கள்.

1922-இல் ஜெர்மானிய இயக்குநர் முர்னாவ் எடுத்த 'நோஸ்ஃபெராட்டு'வில் மாடிப்படிச் சுவரில் ஏறும் நிழல் இன்றும் பேசப்படுவதற்குக் காரணம், விரல்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிவதுதான். விரல்களை விரித்து, உள்ளங்கையைச் சுவருக்கு இணையாக வைக்கச் சொல்லுங்கள்.

வாடகை பங்களாவில் சுவரில் வரைய முடியாது. கறுப்பு சார்ட் பேப்பரைச் சன்னல் கம்பி நிழலின் வடிவில் வெட்டிச் சுவரில் ஒட்டினால் பின்னணி ஷாட்டுக்குத் தாராளம். ஜெர்மானியர்கள் செய்ததும் இதுதான்.

முகத்தில் பாதி வெளிச்சம், பாதி இருட்டு. எவ்வளவு விகிதம்?

எட்டுக்கு ஒன்று. ஒளி அளக்கும் மீட்டர் இல்லாதவர்கள் இப்படிப் பாருங்கள்: ஷட்டரை மாற்றாமல், வெளிச்சக் கன்னம் ஐ.எஸ்.ஓ. 100-இல் சரியாகத் தெரிந்து, இருட்டுக் கன்னம் 800-இல் சரியாகத் தெரிந்தால் அதுதான் எட்டுக்கு ஒன்று. எடுப்பது 100-இல்.

பழைய பங்களாக்களில் சுண்ணாம்பு வெள்ளைச் சுவர் எதிரொளித்து இருட்டுப் பக்கத்தை நிரப்பிவிடும். இங்கே வெள்ளைத் தெர்மாக்கோலுக்கு வேலையில்லை. ஆறடிக்கு ஆறடி கறுப்புத் துணியை ஃபிரேமுக்கு வெளியே, முகத்திலிருந்து இரண்டடியில் பிடிக்கச் சொல்லுங்கள். வித்தியாசத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

லென்ஸ், கோணம்?

வைடு லென்ஸ். ஃபுல் ஃபிரேம் கேமராவில் (35 மில்லிமீட்டர் ஃபிலிம் அளவு சென்சார்) 18 முதல் 24 மில்லிமீட்டர். கைபேசியின் முதன்மை லென்ஸே ஏறக்குறைய 24 முதல் 26-க்குச் சமம், அதுவே போதும். கேமரா முழங்கால் உயரத்தில் இருந்து மேல்நோக்கிப் பார்த்தால் சாதாரண நாட்டு ஓட்டு வீடும் கோபுரமாகும். கேமராவைச் சாய்ப்பதென்றால் 10 முதல் 15 டிகிரி. ஐந்து டிகிரி சாய்ந்தால் ட்ரைபாட் கோணல் என்று நினைப்பார்கள். படம் முழுக்கச் சாய்த்தால் கழுத்து வலிதான் மிச்சம். முகத்துக்கு இரண்டடிக்கும் கிட்டே போகாதீர்கள், மூக்கு மட்டும் பெரிதாகிவிடும், பயத்துக்குப் பதில் சிரிப்பு வரும்.

தெர்மாக்கோலில் செய்த கல்லறை ஸ்ப்ரே அடித்ததும் கரைந்துவிட்டதே?

ஸ்ப்ரே டப்பாவில் உள்ள கரைப்பான் தெர்மாக்கோலைத் தின்றுவிடும். முதலில் தண்ணீர் எமல்ஷன் இரண்டு கோட். முதல் கோட்டில் சலித்த மணலை ஒரு கைப்பிடி கலந்தால் கல்லின் சொரசொரப்பு வரும். முழுதாகக் காய்ந்த பிறகு சாம்பல், கறுப்பு எமல்ஷனைத் தண்ணீராகக் கரைத்து மேலிருந்து வழியவிட்டு, துணியால் ஒற்றி எடுங்கள். பள்ளத்தில் தங்குவது மட்டும் தங்கட்டும். பாசிக்கு மரத்தூளில் பச்சை எமல்ஷன் பிசைந்து, ஃபெவிகால் தடவிய இடத்தில் தூவுங்கள், வடக்குப் பார்த்த பக்கத்தில் கொஞ்சம் அதிகமாக. உள்ளே ஒரு கம்பி செருகித் தரையில் நடாவிட்டால் மலைக்காற்றில் கல்லறை பறக்கும். உண்மையில் பறக்கும்.

பர்ட்டன் படத்து ஆட்கள் மாதிரி முகத்தை வெளுப்பாக்கலாமா?

மாநிறத்தில் சுண்ணாம்பு வெள்ளை பூசினால் கூத்து வேஷமாகிவிடும். கூத்துக்கு அது அழகு, இங்கே பொருந்தாது. நடிகரின் நிறத்தை விட ஒரு ஷேடு மட்டும் வெளுப்பாக எடுத்து, அதில் துளி சாம்பல் பச்சை கலந்து ரத்தச்சிவப்பை அடக்குங்கள். உதட்டிலும் காதுமடலிலும் பூச மறக்காதீர்கள், அங்கேதான் உயிர்க்களை காட்டிக்கொடுக்கும். கண் குழிக்குக் கறுப்பு வேண்டாம், மெரூனும் சாம்பலும். மீதியை விளக்கு பார்த்துக்கொள்ளும்.

எடிட்டிங்கில் நிறத்தைக் குறைத்தால் ரத்தம் கறுப்பாகிவிடுகிறது.

கலரைக் குறைக்கப்போவது முன்பே தெரிந்தால் ரத்தத்தை ஆரஞ்சுச் சிவப்பாகக் கலக்குங்கள். பேக்கரிப் பொருள் கடையில் கிடைக்கும் லிக்விட் குளுக்கோஸ் 250 மில்லி, தண்ணீர் 50 மில்லி, சிவப்பு ஃபுட் கலர் இரண்டு டீஸ்பூன், ஆரஞ்சு அரை டீஸ்பூன். துணியில் கறை போகாது, எறும்பு வரும். மாற்றுச் சட்டை இரண்டு வைத்திருங்கள்.

பங்களா இடிந்து விழும் காட்சிக்கு மாதிரி வீடு செய்யலாமா?

செய்யலாம், கம்ப்யூட்டர் கிராபிக்ஸை விடச் சில நேரம் நன்றாகவே இருக்கும். சிறிய பொருள் சீக்கிரம் விழுந்துவிடும் என்பதால் வேகமாக எடுத்து மெதுவாக ஓட்ட வேண்டும். எத்தனை மடங்கு சிறிதோ அதன் வர்க்கமூலத்தால் ஃபிரேமைப் பெருக்குங்கள். பதினாறில் ஒரு பங்கு என்றால் நான்கு மடங்கு, அதாவது 100 ஃபிரேம். கைபேசியில் 120 இருக்கிறது, அதில் எடுத்து 25-இல் ஓட்டினால் சரியாக இருக்கும். கேமரா உயரத்தையும் குறைக்க வேண்டும். ஐந்தரை அடி ஆளின் பார்வை, பதினாறில் ஒரு பங்கில், தரையிலிருந்து நான்கு அங்குலம். பெரும்பாலோர் மேஜை மேலிருந்து குனிந்து எடுத்து, பொம்மை வீடு என்று காட்டிக்கொடுத்துவிடுகிறார்கள்.

எலும்புக்கூட்டு நாயகன் கிறிஸ்துமஸைக் கைப்பற்றும் அந்தப் பொம்மைப் படம் பர்ட்டன் இயக்கியதுதானே?

'தி நைட்மேர் பிஃபோர் கிறிஸ்துமஸ்' படத்தின் கதையும் தயாரிப்பும் அவர். 1993-இல் அதை இயக்கியவர் ஹென்றி செலிக். பர்ட்டனே இயக்கிய பொம்மை அனிமேஷன் பார்க்க வேண்டுமென்றால் 1982-இன் 'வின்சென்ட்' குறும்படத்திலிருந்து தொடங்குங்கள். கறுப்பு வெள்ளை, ஆறு நிமிடம்தான், குறும்படக்காரர்களுக்கு அவருடைய பெரிய படங்களை விட அதிகம் கற்றுத்தரும்.

கீழிருந்து கொண்டுவந்த லென்ஸில் பனி படர்கிறதே?

காரின் ஏ.சி.யில் குளிர்ந்த லென்ஸை ஈரக்காற்றில் திறந்தால் அப்படித்தான் ஆகும். கடைசிப் பத்து வளைவுகளுக்கு ஏ.சி.யை நிறுத்திச் சன்னலைத் திறந்து வாருங்கள். வந்து சேர்ந்ததும் பையை மூடியபடியே அரை மணி வையுங்கள். துடைத்துக்கொண்டே இருந்தால் கோடுதான் விழும். இறங்கிய பிறகு சிலிக்கா ஜெல்லோடு காற்றுப்புகாத டப்பாவில் போடாவிட்டால் ஒரே மாதத்தில் பூஞ்சை பிடிக்கலாம்.

அனுமதி யாரிடம்?

எஸ்டேட் என்றால் உரிமையாளரிடம், எழுத்தில். வனத்துறை நிலத்துக்கு வனத்துறையிடம். தேவாலயமும் கல்லறைத் தோட்டமும் என்றால் பங்குத்தந்தையிடம் கேளுங்கள், நிஜக் கல்லறைகள் மேல் ஏறவோ பெயர் தெரிய எடுக்கவோ வேண்டாம். காட்டெருமை நடமாட்டம் உள்ள தோட்டங்களில் அந்தி சாய்ந்த பிறகு எடுப்பதென்றால் அங்கே வேலை செய்பவர் ஒருவரைக் கூலி கொடுத்துக் கூடவே நிறுத்திக்கொள்ளுங்கள். புகை இயந்திரத்தை ஓடவிடுவதற்கு முன் அவரிடமும் பக்கத்துக் குடியிருப்பிலும் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் தோட்டத்தில் தீ என்று குடத்தோடு ஓடி வருவார்கள்.